ஜெயிலுக்குப் போய் வந்தாலும் தீராத பாக்கி

"பிள்ளைக்கு மாதம் 6,000 ரூபாய் கொடுக்க வேண்டும்" என்று குடும்ப நீதிமன்றம் உத்தரவு போட்ட அன்று, வராண்டாவில் நிற்கும் அம்மாவுக்கு வழக்கு முடிந்துவிட்டது போலத்தான் இருக்கும். முடியவில்லை என்பது பக்கத்தில் நிற்கும் வக்கீலுக்குத் தெரியும். முதல் மாதம் பணம் வரும். இரண்டாம் மாதம் பாதி வரும். மூன்றாம் மாதம் போனை எடுக்க மாட்டார். ஆறு மாதம் கழித்து, "இப்போ என்னங்க செய்யறது?" என்று அதே அம்மா அதே வராண்டாவுக்கு வந்து நிற்பார்.

வாங்கின உத்தரவைப் பணமாக மாற்றுவது தனி வழக்கு. சட்டத்தில் அதற்கு வழி இல்லாமல் இல்லை. ஜப்தி உண்டு, சம்பளப் பிடித்தம் உண்டு, பிடிவாரண்டு உண்டு, சிறையும் உண்டு. ஆனால் இதில் எதுவுமே தானாக நடக்காது. எந்தத் தந்தை இந்த மாதம் கட்டவில்லை என்று நீதிமன்றத்தில் யாரும் உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொண்டிருப்பதில்லை. பாக்கி விழுந்தால் அம்மாதான் கணக்குப் போட்டு, மனு எழுதி, நோட்டீசுக்கு முகவரி தேடிக் கொடுத்து, வாரண்டு எந்தக் காவல் நிலையத்தில் தூங்குகிறது என்று விசாரித்து வர வேண்டும். பணம் கொடுக்க வேண்டியவர் சும்மா இருந்தாலே போதும். வாங்க வேண்டியவர்தான் ஓட வேண்டும். இந்திய ஏற்பாட்டின் அடிப்படைக் கோணல் இதுதான் என்பது என் கருத்து. மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைவிடும் சிக்கல்கள்.

இதில் சிறைவிதி எப்படி நுழைந்தது என்று தெரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். குழந்தைக்கும் மனைவிக்கும் ஜீவனாம்சம் கேட்க இன்று பெரும்பாலானவர்கள் பயன்படுத்துவது கிரிமினல் நடைமுறைச் சட்டம். 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 125-வது பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-வது பிரிவு. உள்ளடக்கம் ஏறக்குறைய அதேதான். வக்கீல்கள் வாயில் இன்னும் "ஒன் ட்வென்டிஃபைவ்" என்றுதான் வருகிறது. குடும்பச் சண்டைக்கும் கிரிமினல் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பிரிவை உருவாக்கிய ஆங்கிலேயர்களின் கவலை குழந்தையின் உரிமை பற்றியது அல்ல. கைவிடப்பட்டவர்கள் தெருவில் அலைவதையும் அதனால் வரும் விளைவுகளையும் தடுப்பதுதான் நோக்கம் என்று அன்றைய சட்ட வடிவமைப்பாளர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் சொல்லியிருக்கிறார். அதனால்தான் சுருக்கமான விசாரணை, சின்னத் தொகை, கட்டாவிட்டால் சிறை என்ற அமைப்பு. தொகை எவ்வளவு சின்னது என்றால், மாதம் 500 ரூபாய்க்கு மேல் உத்தரவு போடக் கூடாது என்ற உச்சவரம்பு 2001 வரைக்கும் சட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டுத் திருத்தத்தில்தான் அது போனது. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்ற விதியும் அப்போது வந்ததுதான். அந்த 60 நாள் எப்படிப் போகிறது என்று குடும்ப நீதிமன்றத்தில் வாய்தாவுக்கு நின்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

வேறு கதவுகளும் உண்டு. இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்து வழக்கோடு சேர்த்துக் குழந்தைக்குக் கேட்கலாம். 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தில் தனியாகக் கேட்கலாம். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம். எந்தக் கதவு வழியாக உள்ளே போனோம் என்பதைப் பொறுத்து, பாக்கியை வசூலிக்கும் கருவியும் கொஞ்சம் மாறும். ஆனாலும் தமிழ்நாட்டில் "எம்.சி. கேஸ்" (மெயின்டனன்ஸ் கேஸ், ஜீவனாம்ச வழக்கு) என்று சொல்லப்படும் 125-வது பிரிவு மனுதான் அதிகம் புழங்குகிறது. அதில் என்ன நடக்கும் என்று பார்ப்போம்.

முதல் படி வாரண்டு, சிறை அல்ல

சட்டத்தின் வாசகப்படி, உத்தரவிட்ட தொகையை ஒருவர் "போதிய காரணம் இல்லாமல்" கட்டவில்லை என்றால், அபராதத்தை வசூலிப்பது போலவே இதையும் வசூலிக்க நீதிமன்றம் வாரண்டு பிறப்பிக்கலாம். அபராதம் வசூலிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அசையும் சொத்தை ஜப்தி செய்து விற்பது: பைக், டிவி, கடைச் சரக்கு என்று எது சிக்குகிறதோ அது. இன்னொன்று, மாவட்ட ஆட்சியருக்கு வாரண்டு அனுப்பி, நிலவரி பாக்கி போல வசூலிக்கச் சொல்வது. இரண்டாவது வழியில் வீடு, மனை போன்ற அசையாச் சொத்தின் மீதும் கை வைக்கலாம். தமிழ்நாட்டில் நிலவரி பாக்கி வசூலுக்கு 1864-ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆக, பிள்ளையின் ஸ்கூல் பீஸ் பாக்கிக்காகத் தாசில்தார் ஆபீஸ் வழியாக மனையை ஏலத்துக்குக் கொண்டுபோவது காகிதத்தில் சாத்தியமே. நடைமுறையில் இந்த வழியில் போகிறவர்கள் குறைவு. ஆட்சியர் அலுவலகம், தாலுகா அலுவலகம், விஏஓ என்று கோப்பு இறங்கி ஏறுவதற்குள் அடுத்த வருடப் பாக்கி சேர்ந்துவிடும்.

வாரண்டைச் செயல்படுத்திய பிறகும் பாக்கி நின்றால், கட்டாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை, அல்லது அதற்குள் கட்டினால் கட்டும் வரை, சிறையில் வைக்கலாம் என்று பிரிவு சொல்கிறது. "செயல்படுத்திய பிறகும்" என்ற சொல் முக்கியம். முதலில் ஜப்திக்கு முயல வேண்டும், அது பலிக்காவிட்டால்தான் சிறை என்று பல உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் சொல்லியிருக்கின்றன. கீழ் நீதிமன்றங்களில் நேராகப் பிடிவாரண்டுக்குப் போவதும் நடக்கிறது. அதை எதிர்த்து மேலே போனால் உத்தரவு ரத்தாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டி வரலாம். அவசரப்பட்டு வாங்கிய பிடிவாரண்டு சில சமயம் அம்மாவுக்கே வினையாகிவிடுவது இப்படித்தான்.

சிறைக்குள் ஒருவர் எவ்வளவு நாள் இருக்கலாம் என்பதில் இன்னொரு சிக்கல். பத்து மாதப் பாக்கிக்குப் பத்து மாதம் உள்ளே வைக்க முடியுமா, அல்லது ஒரு மனுவுக்கு ஒரு மாதம்தானா? ஒரு தடவைக்கு ஒரு மாதத்துக்கு மேல் கூடாது, அதற்குப் பிறகும் கட்டாவிட்டால் மனைவி மறுபடி நீதிமன்றம் வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் வெளியான ஒரு சிறிய தீர்ப்பில் சொன்னது. சட்டத்தின் வாசகமோ ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் என்று படிக்க இடம் கொடுக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, ஒரே மனுவில் கேட்ட பல மாதப் பாக்கிக்குச் சேர்த்துத் தண்டனை தரலாம் என்று சொன்ன உயர் நீதிமன்றங்களும் உண்டு. எந்த ஊர் நீதிமன்றத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுவது, இருபது வருடத்துக்கு மேலாகத் தீராத ஒரு அபத்தம்.

ஒரு விஷயத்தில் மட்டும் குழப்பமே இல்லை. "ஒரு மாசம் உள்ளே இருந்துட்டு வந்துட்டேன், கணக்கு நேராயிடுச்சு" என்று நினைப்பவர்கள் உண்டு. குழந்தைக்குக் கொடுப்பதைவிட ஜெயில் சோறு சாப்பிடுவது மேல் என்று பெருமை பேசுகிறவர்களும் உண்டு. 1980-களின் கடைசியிலேயே உச்ச நீதிமன்றம் இதற்கு முடிவு கட்டிவிட்டது. சிறை என்பது பணத்தைக் கட்ட வைக்கும் நெருக்கடி. கட்டியதற்குச் சமம் அல்ல. பாக்கி தீர ஒரே வழி பணத்தைக் கட்டுவது. உள்ளே போய் வந்த பிறகும் அதே தொகைக்குச் சொத்தை ஜப்தி செய்யலாம். அபராதம் கட்டாவிட்டால் சிறை என்ற வழக்கமான தண்டனையோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் அந்தத் தவறான நம்பிக்கை.

காவல் நிலையத்தில் தூங்கும் காகிதம்

இதுவரை சொன்னது சட்டம். இனி நடப்பது. பிடிவாரண்டு அவர் வசிக்கும் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போகும். அங்கே கொலை, கொள்ளை, பந்தோபஸ்து என்று ஆயிரம் வேலை. ஜீவனாம்ச வாரண்டு அடுக்கின் அடியில் கிடக்கும். "மேற்படி நபர் வீட்டில் இல்லை" என்ற குறிப்போடு காகிதம் திரும்பி வரும். அவர் பக்கத்துத் தெருவில் டீ குடித்துக்கொண்டிருப்பதை அம்மாவின் தம்பி பார்த்திருப்பான். அது காகிதத்தில் வராது.

பிடித்துக் கொண்டுவந்தாலும் அன்றைக்கு அரங்கேறும் காட்சி பெரும்பாலும் ஒன்றுதான். 90,000 பாக்கி என்றால், ஒரு 15,000-ஐக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய வக்கீல் வாரண்டைத் திரும்பப் பெற மனு போடுவார். மீதிக்கு இரண்டு மாதம் டைம் கேட்பார். நீதிபதிக்கும் தர்மசங்கடம். உள்ளே அனுப்பினால் சம்பாதிப்பது நிற்கும், வேலை போகலாம், அடுத்த மாதப் பணமும் வராது. அதனால் டைம் கிடைக்கும். அம்மாவுக்கும் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கட்ட 15,000 வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை. இப்படித் தவணைக்குத் தவணை, பயந்த அளவுக்கு மட்டும் கட்டிக்கொண்டே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்களைப் பார்க்கலாம். சிறை என்ற மிரட்டலால் பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். பல பேர் அந்த ஒரு நாளுக்குப் பயந்துதான் கட்டுகிறார்கள். ஆனால் அது மொத்தக் கணக்கை முடிக்கும் கருவி அல்ல.

ஒரு வருடக் கெடு

பலரும் கோட்டைவிடும் இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாக. தொகை கட்ட வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட்டால்தான் அந்தத் தொகைக்கு வாரண்டு கிடைக்கும். ஒவ்வொரு மாதத் தொகைக்கும் கெடு தனித்தனியாக ஓடும்.

உதாரணத்துக்கு, மாதம் 5-ஆம் தேதி 6,000 கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூனிலிருந்து பணமே வரவில்லை. "பார்க்கலாம், மனசு மாறலாம், மாமனார் பேசிப் பார்க்கிறேன் என்றிருக்கிறார்" என்று அம்மா காத்திருந்து, 2025 நவம்பர் 10 அன்று மனு போடுகிறார். 2024 டிசம்பரிலிருந்து வர வேண்டிய பன்னிரண்டு மாதத் தொகை, அதாவது 72,000 ரூபாய்தான் கெடுவுக்குள் வரும். ஜூனிலிருந்து நவம்பர் வரையிலான ஆறு மாதத் தொகை, 36,000 ரூபாய், இந்தக் குறுக்கு வழியில் கிடைக்காது. உறவுக்காரர்களின் சமாதானப் பேச்சுக்குக் கொடுத்த விலை அது.

அந்த 36,000 ஒரேயடியாகப் போய்விட்டதா? இல்லை. இதற்குத் தெளிவான பதில் கிடைத்தது தமிழ்நாட்டிலிருந்து டெல்லிக்குப் போன ஒரு வழக்கில். ஒரு தாயும் மகனும் 1993-லேயே மனு போட்டு ஜீவனாம்ச உத்தரவு பெற்றிருந்தார்கள். பாக்கியைக் கேட்டபோது, ஒரு வருடத்துக்கு மட்டும்தான் கேட்க முடியும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சுருக்கிவிட்டது. 2013-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒரு வருடக் கெடு, வாரண்டு மற்றும் சிறை என்ற விரைவு வழியை மட்டும்தான் அடைக்கிறது. பாக்கியைப் பெறும் உரிமையைப் பறிப்பதில்லை. கெடு தாண்டியதற்குச் சிவில் வழக்கு என்ற சாதாரண வழி திறந்தே இருக்கிறது என்று விளக்கியது. அந்த வழக்கில் பழைய மனுவும் அதைத் தொடர்ந்த மனுக்களும் விடாமல் நடந்துகொண்டிருந்ததால், 1993 முதலான முழுப் பாக்கியையும் ஆறு மாதத்துக்குள் கட்டச் சொல்லிவிட்டது. மனுப் போட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் இருபது வருடம். மகன் அதற்குள் வளர்ந்து ஆளாகியிருப்பான்.

அதனால் அனுபவமுள்ள வக்கீல்கள் சமாதானப் பேச்சு நடந்தாலும் நடக்கட்டும், பதினொரு மாதத்துக்குள் ஒரு பாக்கி மனுவைப் போட்டு வைத்துவிடுங்கள் என்பார்கள். பணத்தை ரொக்கமாக வாங்காமல் வங்கிக் கணக்கில் போடச் சொல்வதும் இதனால்தான். எந்த மாதம் வந்தது, எது வரவில்லை என்பதற்கு பாஸ்புக்கே சாட்சி.

சம்பளத்தில் மூன்றில் இரண்டு

சிறையைவிடப் பலன் தரும் கருவி எது என்று கேட்டால், சம்பளப் பிடித்தம் என்பேன். ஆனால் அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு, கடனுக்காக ஒருவருடைய சம்பளத்தில் எவ்வளவு வரை பிடிக்கலாம் என்று சொல்கிறது. சாதாரணக் கடன் என்றால் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக் கூடாது. ஜீவனாம்ச டிக்ரி, அதாவது ஜீவனாம்சம் கட்டச் சொல்லும் நீதிமன்றத் தீர்ப்பாணை, என்றால் கணக்கு தலைகீழ். மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும்தான் பாதுகாப்பு.

30,000 ரூபாய் சம்பளக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். பைனான்ஸ் கம்பெனிக் கடனுக்கு அதிகபட்சம் மாதம் 9,666 ரூபாய்தான் பிடிக்க முடியும். ஜீவனாம்சத்துக்கு 20,000 வரை பிடிக்கலாம். மற்றக் கடனையும் குழந்தையின் பாக்கியையும் சட்டம் ஒரே தராசில் வைக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான வரி கிடைக்காது.

"அது சிவில் சட்டமாயிற்றே, 125-க்கு எப்படிப் பொருந்தும்?" என்ற கேள்வி ரொம்ப நாள் இருந்தது. 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் இந்து மல்ஹோத்ரா, சுபாஷ் ரெட்டி அமர்வு தந்த தீர்ப்பு அதற்குப் பதில் சொன்னது. ஜீவனாம்ச உத்தரவை ஒரு சிவில் நீதிமன்றப் பண டிக்ரி போலவே நிறைவேற்றலாம். சம்பளம், சொத்து ஜப்தி, சிவில் சிறை எல்லாம் அதற்கும் பொருந்தும். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 20-வது பிரிவில் இன்னும் நேரான வழியே இருக்கிறது. பணம் வராவிட்டால், வேலை கொடுப்பவருக்கே உத்தரவு போட்டு, சம்பளத்தில் ஒரு பகுதியை அந்தப் பெண்ணிடம் கொடுக்கவோ நீதிமன்றத்தில் கட்டவோ சொல்லலாம். அவருக்குப் பணம் தர வேண்டிய மூன்றாம் நபருக்கும் இதே போல உத்தரவு போடலாம்.

இங்கேதான் ஒரு கோடு விழுகிறது. அரசு ஊழியர், பள்ளி ஆசிரியர், ஐடி கம்பெனிக்காரர் என்றால் சம்பளப் பட்டியல் இருக்கிறது, பிடிக்கலாம். ஆட்டோ ஓட்டுபவர், கொத்தனார், சொந்தமாக மொபைல் கடை வைத்திருப்பவர், கமிஷன் வியாபாரி என்றால் எந்த அலுவலகத்துக்கு உத்தரவு அனுப்புவது? வருமானம் கைக்குக் கை மாறுகிறது. வைப்புநிதிப் பணத்தையும் ஜப்தி செய்ய முடியாதபடி சட்டம் பாதுகாக்கிறது. மாதச் சம்பளம் வாங்குகிற தந்தையின் பிள்ளைக்கு ஒரு சட்டமும், தினக்கூலி வாங்குகிற தந்தையின் பிள்ளைக்கு வேறொரு சட்டமும் இருப்பது போல ஆகிவிடுகிறது.

சிவில் வழியில் கைது செய்யலாம் என்றேன். அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, சிரிக்க முடியாத வேடிக்கை. பண டிக்ரிக்காக ஒருவரைக் கைது செய்து சிவில் சிறையில் வைக்க வேண்டுமானால், அவருடைய சாப்பாட்டுப் படியை டிக்ரி வாங்கியவர் முன்கூட்டியே நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். அதாவது பிள்ளைக்குச் சோற்றுக்குப் பணம் தராதவருக்கு, பிள்ளையின் அம்மா சோற்றுக்குப் பணம் கட்ட வேண்டும். தொகை 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் மூன்று மாதம் வரை வைக்கலாம். அதுவும் அவரிடம் வசதி இருந்தும் கட்டவில்லை என்று காட்டிய பிறகுதான். வெறும் கட்ட முடியாமைக்காக ஒருவரைச் சிறையில் போடக் கூடாது என்று 1980-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் ஒரு வங்கிக் கடன் வழக்கில் எழுதிய தீர்ப்பு இன்றும் அடிப்படை.

ஆகவே எல்லாம் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து முட்டுகிறது: அவரிடம் என்ன இருக்கிறது? 2020 தீர்ப்பின் பெரிய பங்களிப்பு அங்கேதான். இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன், செலவு எல்லாவற்றையும் ஒரு விரிவான பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும் என்று நாடு முழுமைக்கும் ஒரே படிவத்தைக் கட்டாயமாக்கியது. ஜீவனாம்சம் மனுப் போட்ட நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்றும் சொன்னது. முன்பு சில நீதிமன்றங்கள் உத்தரவு நாளிலிருந்து மட்டும் கொடுத்துவந்தன. வழக்கை இழுத்தடித்தவருக்கு அது லாபமாக இருந்தது. அந்தப் பிரமாணப் பத்திரம் தொகையை நிர்ணயிக்கத்தான் என்று பலர் நினைத்து, ஏனோதானோ என்று பூர்த்தி செய்கிறார்கள். பாக்கி வசூலிக்கும்போது கையில் இருக்கும் ஒரே வரைபடமும் அதுதான். எந்த வங்கியில் கணக்கு, எந்தக் கிராமத்தில் எந்தப் பட்டா, எல்ஐசி பாலிசி எத்தனை என்று அவர் கையெழுத்துப் போட்டுச் சொன்னதை அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். வழக்கு நடக்கும்போதே மனையை அம்மா பேருக்கோ அண்ணன் பேருக்கோ எழுதி வைத்துவிட்டால்? கடன் கொடுக்க வேண்டியவர்களை ஏமாற்றும் நோக்கில் செய்த மாற்றத்தை ரத்து செய்யச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 53-வது பிரிவு இடம் தருகிறது. ஆனால் அது இன்னொரு சிவில் வழக்கு, இன்னும் சில வருடம்.

சாக்குகள்

"வேலை போயிடுச்சு." இதுதான் முதலில் வரும். உடல் தெம்புள்ள ஆண் உழைத்தாவது சம்பாதித்து மனைவியையும் பிள்ளையையும் காப்பாற்ற வேண்டும் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதியாகச் சொன்னது. அதே சமயம் நிஜமாகவே வேலை போனவருக்கும் வழி இருக்கிறது. நிலைமை மாறிவிட்டது என்று காட்டித் தொகையைக் குறைக்கக் கேட்கலாம். பழைய சட்டத்தில் 127, புதியதில் 146-வது பிரிவு. அந்த மனுவைப் போடாமல், தானே மனசுக்குள் தொகையைக் குறைத்துக்கொண்டு கட்டினால், மீதி முழுவதும் பாக்கியாகத்தான் ஏறும். சம்பளம் உயர்ந்தால் அம்மாவும் அதே பிரிவில் கூட்டிக் கேட்கலாம்.

"பிள்ளையைக் கண்ணுல காட்ட மாட்டேங்கறா, நான் எதுக்குப் பணம் கட்டணும்?" கேட்கும்போது நியாயம் போலத் தோன்றும். சில தந்தையருக்கு அந்த வலி உண்மையும்கூட. ஆனால் பார்க்கும் உரிமைக்குத் தனி மனு உண்டு. பணம் அதற்குப் பணயம் அல்ல. இரண்டும் பிள்ளைக்குச் சேர வேண்டியவை. இதையே திருப்பிப் போட்டால், பணம் வரவில்லை என்பதற்காக அம்மா பிள்ளையைக் காட்டாமல் இருப்பதும் செல்லாது.

"அவளே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டா." பரஸ்பர விவாகரத்தில் அவசரத்துக்கு அப்படி எழுதிக் கொடுக்கிற பெண்கள் நிறைய. தன்னுடைய பங்கை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. பிள்ளையின் பங்கை விட்டுக்கொடுக்க அவர் யார்? அது பிள்ளையின் உரிமை என்றே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. அம்மா மறுமணம் செய்துகொண்டாலும் அப்பாவின் கடமை போகாது. திருமணம் ஆகாமல் பிறந்த குழந்தைக்கும் இதே உரிமை என்று பிரிவே சொல்கிறது.

"வங்கிக்காரன் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறான், எங்கிட்ட என்ன இருக்கு?" தொழில் நொடித்தவர்கள் சொல்வது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்கும் பதில் தந்தது. ஜீவனாம்ச உரிமை வாழும் உரிமையோடு பிணைந்தது. கடன் மீட்புச் சட்டங்களின்படி வங்கிகளும் மற்றக் கடன்காரர்களும் கேட்கும் தொகைக்கு முன்னால் ஜீவனாம்ச பாக்கி நிற்கும். இது கீழ் நீதிமன்றங்களில் எப்படிப் பயன்படுகிறது என்பதை இனிதான் பார்க்க வேண்டும்.

கடல் தாண்டினால்

அப்பா துபாயிலோ அமெரிக்காவிலோ இருந்தால் இந்தக் கதை இன்னும் கடினம். குழந்தை ஜீவனாம்சத்தை நாடு கடந்து வசூலிக்க 2007-இல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. இந்தியா அதில் சேரவில்லை. ஆங்கிலேயர் காலத்தில், 1921-இல் போட்ட ஒரு சட்டம் இருக்கிறது. ஒப்பந்தம் உள்ள பகுதிகளுக்கு மட்டுமே செல்லும். நடைமுறையில் கைகொடுப்பது பாஸ்போர்ட். ஒருவர் மீது நீதிமன்றம் பிடிவாரண்டு பிறப்பித்திருந்தால், அதைக் காட்டி அவருடைய பாஸ்போர்ட்டை முடக்கக் கேட்க 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 10-வது பிரிவில் இடம் உண்டு. முடக்கியே ஆக வேண்டும் என்று இல்லை, முடக்கலாம். பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டிய வருடத்தில் பல வருடப் பாக்கி ஒரே வாரத்தில் வந்து சேர்ந்துவிடுவதும் உண்டு.

அமெரிக்காவில் ஏற்பாடு வேறு மாதிரி. 1994-லிருந்து புதிய ஜீவனாம்ச உத்தரவுகளில், பாக்கி விழும் வரை காத்திராமல், பொதுவாக முதல் மாதத்திலிருந்தே சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். 2,500 டாலருக்கு மேல் பாக்கி என்றால் பாஸ்போர்ட் கிடையாது. ஓட்டுநர் உரிமத்தையும் நிறுத்தி வைப்பார்கள். அங்கும் குறைகள் உண்டு. ஏழைத் தந்தையர் சிறைக்கும் வேலையின்மைக்கும் நடுவே சுற்றுவது அங்கே பெரிய விவாதம். ஆனால் முதல் மாதப் பிடித்தம் என்ற ஒரு யோசனையை நாம் எடுத்துக்கொள்ளத் தடை எதுவும் இல்லை. சம்பளக்காரர் என்று பிரமாணப் பத்திரத்திலேயே தெரிந்த பிறகும், அவர் தவறும் வரை காத்திருந்து, தவறிய பிறகு அம்மாவை மனுப் போட வைப்பது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மனுப் போட வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால், பெண்களும் குழந்தைகளும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவிக்குத் தகுதியானவர்கள். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். லோக் அதாலத்தில் (பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றத்தில்) சமரசம் ஆனால் அந்த முடிவுக்குச் சிவில் டிக்ரியின் வலு இருக்கிறது. அதனால் அங்கே கையெழுத்துப் போடும் முன், எந்தத் தேதிக்குள் எவ்வளவு, தவறினால் என்ன என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. "இனிமேல் ஒழுங்காகக் கட்டுவார்" என்ற வரியை வைத்துக்கொண்டு எதையும் ஜப்தி செய்ய முடியாது.

வயது பற்றியும் கேட்பார்கள். 125-வது பிரிவில் பையனுக்கும் பெண்ணுக்கும் 18 வயது வரைதான். உடல், மனக் குறைபாட்டால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு அதற்குப் பிறகும் உண்டு. இந்துப் பெண் பிள்ளை என்றால், தன்னைப் பராமரித்துக்கொள்ள வழியில்லாத வரை, திருமணம் ஆகும்வரை தந்தையிடம் கேட்கும் உரிமை 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-வது பிரிவில் இருக்கிறது. அதற்கு அந்தச் சட்டத்தின் கீழ் தனியாகப் போக வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 18 முடிந்ததும் மாதத் தொகை நிற்கும். ஆனால் அதுவரை கட்டாமல் விட்ட மாதங்களின் பாக்கி அப்படியே இருக்கும். கல்லூரியில் சேர்ந்துவிட்ட பையனின் ஆறாம் வகுப்பு வருடத்து பாக்கிக்காக இன்றைக்கும் குடும்ப நீதிமன்றங்களில் வாய்தா போய்க்கொண்டிருப்பது அதனால்தான்.